நகல்களின் எண்ணிக்கை காப்பாகாது

கோப்புகளை ஒரே கணினியில் வைக்காமல் இரண்டு மூன்று சேவையகங்களில் ஒரே நேரத்தில் எழுதிவைத்தால் அவற்றுக்கு அழிவில்லை என்னும் கருத்து, அரசு அலுவலகங்களின் ஒப்பந்தப் புள்ளி ஆவணங்கள் முதல் கல்லூரி ஆய்வகங்கள் வரை, கேள்விக்கு அப்பாற்பட்ட உண்மைபோல இன்று வழங்கிவருகிறது. 'மூன்று நகல் இருக்கிறது, பிறகென்ன கவலை' என்ற ஒரு வாக்கியத்தோடு தரவுப் பாதுகாப்புப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. தனியே காப்பு நகல் எடுப்பதற்கென்று ஒதுக்க வேண்டிய பணமும் ஆளும் அந்த வாக்கியத்தின் பேரிலேயே வெட்டப்படுகின்றன. வட்டு ஒன்று பழுதானால் வேலை நிற்காமல் இருக்க நகல்கள் உதவும் என்பதை மறுப்பார் யாருமில்லை. அந்த உதவியைக் காட்டி, தரவு என்றைக்கும் பிழைத்திருக்கும் என்று முடிவு கட்டுவதுதான் தவறு. அத்தவறு எங்கே தொடங்குகிறது என்பதைத் தொழில்நுட்பத்தின் உள்ளிருந்தே காட்ட முடியும்.

மெய்நிகர் சேவையகம் என்பது தனி இயந்திரமன்று. ஒரு பெரிய கணினியின் செயலியையும் நினைவகத்தையும் வட்டையும் ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருளால் கூறுபோட்டு, ஒவ்வொரு கூறும் தனிக் கணினிபோல இயங்கும்படி செய்த ஏற்பாடு அது. இத்தகைய சேவையகங்கள் சிலவற்றின் சேமிப்பிடத்தை ஒன்றாகக் கோத்து, பயன்படுத்துவோருக்கு ஒரே பெரிய கோப்புறையாகத் தோன்றச் செய்வது பரவல் கோப்புச் சேமிப்பு எனப்படும். இதற்கான கட்டற்ற மென்பொருள்களுள் பெயர்பெற்ற குளஸ்டர் எஃப்எஸ், தமிழரொருவரின் முயற்சியில் பிறந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமி, 2004ஆம் ஆண்டு ஜூன் மாத உலகப் பட்டியலில் இரண்டாம் இடம் பெற்ற தண்டர் என்னும் மீத்திறன் கணினியை அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்துக்காக அமைத்த நிறுவனத்தில் தொழில்நுட்பத் தலைவராக இருந்தவர்; 2005இல் ஹிதேஷ் செல்லானியோடு சேர்ந்து குளஸ்டர் நிறுவனத்தைத் தொடங்கினார். 2011இல் ரெட் ஹேட் நிறுவனம் அதனைச் சுமார் 13.6 கோடி டாலருக்கு வாங்கியது.

அம்மென்பொருளின் அமைப்பு எளிமையானது. ஒவ்வொரு சேவையகத்திலும் சேமிப்புக்கென்று ஒதுக்கப்படும் கோப்பகம் பிரிக் எனப்படுகிறது. பல பிரிக்குகள் சேர்ந்தால் ஒரு வால்யூம். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் நடுவண் பதிவேடு இதில் கிடையாது. கோப்பின் பெயரை ஒரு கணக்குக்கு உட்படுத்தி, வரும் விடையைக் கொண்டு அது போக வேண்டிய பிரிக் தீர்மானிக்கப்படுகிறது. நடுவண் பதிவேடு பழுதாகி மொத்தமும் முடங்கும் ஆபத்து இதனால் நீங்குகிறது. இது மெய்யாகவே நல்ல வடிவமைப்பு. நகல் வால்யூம் ஒன்றில், எழுதும் கணினியே தன் எழுத்தை எல்லாப் பிரிக்குகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புகிறது. ஒரு சேவையகம் படுத்துவிட்டால் மற்றது வேலையைத் தொடர்கிறது. படுத்தது எழுந்து வந்ததும் விடுபட்ட மாற்றங்களைத் தானே நிரப்பிக்கொள்கிறது.

'ஒரே நேரத்தில்' என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பெருமை. அதன் குறையும் அதுவே. எழுத்து எந்த வேகத்தில் எல்லா நகல்களுக்கும் போகிறதோ அதே வேகத்தில் அழிப்பும் போகிறது. எழுத்தர் ஒருவர் தவறான கோப்புறையை நீக்கினாலும், மென்பொருள் பிழையொன்று பதிவேட்டின் பாதியைப் பூச்சியங்களால் நிரப்பினாலும், பணம் பறிக்கும் தீநிரல் ஒன்று உள்ளே நுழைந்து கோப்புகளையெல்லாம் பூட்டினாலும், நகலமைப்பின் பார்வையில் அவை யாவும் முறையான எழுத்துகளே. அது அவற்றைத் தயக்கமின்றி மூன்று இடங்களிலும் நிறைவேற்றி, மூன்றும் ஒத்திருக்கின்றன என்று பச்சை விளக்கும் காட்டும். 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நிகழ்ந்த தாக்குதலில் ஐந்து சேவையகங்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டு, புறநோயாளர் பதிவு முதல் ஆய்வக அறிக்கை வரை நாள்கணக்கில் காகிதத்துக்குத் திரும்ப நேர்ந்தது. அங்கே மருத்துவமனைத் தரவு மீண்டது, தாக்குதல் எட்டாத தனிக் காப்புச் சேவையகம் ஒன்று இருந்ததனால். உடனுக்குடன் ஒத்திசையும் நகல் எத்தனை இருந்திருந்தாலும் அவையும் பூட்டப்பட்டே இருந்திருக்கும்.

நகல்வாதிகள் இதற்குச் சொல்லும் விடை, பெரிய மேக நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டால் இந்தக் கவலை அவர்களுடையது என்பதாகும். 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்துக்கு நேர்ந்ததை அவர்கள் படித்துப் பார்ப்பது நல்லது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட அந்நிதியம், தன் கணினி அமைப்பைக் கூகுள் மேகத்தில் இரண்டு இடங்களில் நகலாக வைத்திருந்தது. தொடக்க அமைப்பின்போது நேர்ந்த ஒரு பிழையின் விளைவாக அதன் சந்தாவே நீக்கப்பட, இரண்டு இடங்களிலும் இருந்தவை சேர்ந்தே அழிந்தன என்று இரு நிறுவனங்களும் வெளியிட்ட கூட்டறிக்கை ஒப்புக்கொண்டது. தனியே எடுத்துவைக்கப்பட்டிருந்த காப்பு நகல்கள், அவற்றுள்ளும் வேறொரு நிறுவனத்திடம் இருந்தவை, மீட்புக்குக் கைகொடுத்தன. இரண்டு இடங்களுக்கும் சொந்தக்காரர் ஒருவர், கணக்கு ஒன்று, நீக்கும் ஆணை ஒன்று என்றால், அவ்விரண்டும் வரைபடத்தில்தான் இரண்டு.

இங்கிருந்து அடுத்த தவறு புலப்படும். நகல் பெருகப் பெருகப் பழுதின் வாய்ப்பு பெருக்கல் விகிதத்தில் குறைகிறது என்பது நகல்வாதத்தின் கணிதம். ஒரு சேவையகம் ஆண்டின் 8,760 மணி நேரத்தில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 87.6 மணி நேரம், செயலற்றுக் கிடக்கும் என்று கொண்டால், இரண்டும் ஒருசேரக் கிடக்கும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று, ஆண்டுக்குச் சுமார் 53 நிமிடம். கணக்கில் பிழையில்லை; ஆனால் ஒன்றின் பழுதுக்கும் மற்றதன் பழுதுக்கும் எந்தத் தொடர்பும் இல்லையென்றால் மட்டுமே அது பொருந்தும். இரண்டு மெய்நிகர் சேவையகங்களும் ஒரே இயந்திரத்தின் மேல் ஓடுகின்றன என்றும், அவ்வியந்திரமோ அதற்கு மின்சாரம் தரும் பெட்டியோ ஆண்டில் இருநூற்றில் ஒரு பங்கு நேரம் நின்றுபோகும் என்றும் வைத்துக்கொண்டால், அந்த ஒரு காரணத்தாலேயே இரண்டும் ஆண்டுக்குச் சுமார் 44 மணி நேரம் ஒருசேர முடங்கும். 53 நிமிடம் எங்கே, 44 மணி நேரம் எங்கே! மூன்றாவது நகலை அதே இயந்திரத்தில் சேர்த்தாலும் இந்த 44 மணி நேரத்தில் ஒரு நிமிடம்கூடக் குறையாது.

மெய்நிகர்ச் சூழலில் இது கற்பனைக் குறையன்று. மேலாண்மைத் திரையில் மூன்று பெயர்களும் மூன்று முகவரிகளும் தெரியும். அவை எந்த இயந்திரத்தில் அமர்ந்திருக்கின்றன, அவற்றின் மெய்நிகர் வட்டுகள் எந்தச் சேமிப்புப் பெட்டியிலிருந்து வருகின்றன என்பவை தெரியா. சுமையைச் சமன்செய்கிறேன் என்று ஹைப்பர்வைசர் அவற்றை இடம்மாற்றி, நேற்று வெவ்வேறு இயந்திரங்களில் இருந்தவற்றை இன்று ஒன்றிலேயே கொண்டுவந்து வைத்துவிடவும் கூடும். இவை ஒன்றுசேரக் கூடாது என்ற விதியை நிர்வாகி வெளிப்படையாக எழுதிவைத்தாலன்றி யாரும் அதைத் தடுப்பதில்லை. எழுதிவைப்போர் குறைவு. இயந்திரங்கள் வேறு வேறானாலும் கட்டடம் ஒன்றானால் கதை மாறுவதில்லை: பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் 2021 மார்ச் 10 அன்று தீப்பற்றி முற்றாக அழிந்து, அடுத்திருந்த மையத்தின் ஒரு பகுதியும் எரிந்தபோது, காப்பு நகலுக்கென்று தனிக் கட்டணம் கட்டியிருந்த வாடிக்கையாளர் ஒருவரின் நகலும் மூலச் சேவையகம் இருந்த அதே கட்டடத்திலேயே வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது; 2023இல் அந்நாட்டின் லீல் நகர வணிக நீதிமன்றம் இழப்பீடு தரும்படி தீர்ப்பளித்தது. தென் கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று லித்தியம் மின்கலங்களிலிருந்து பரவிய தீயில் 709 அரசு அமைப்புகள் நின்றுபோனதோடு, அரசு ஊழியர்கள் தம் அலுவல் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்னும் சேமிப்பின் 858 டெராபைட் தரவும் அழிந்தது. கொள்ளளவு மிகப் பெரிது என்பதால் வெளியே காப்பு நகல் எடுக்கவில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். தரவு பெருத்ததனால் காப்பைக் கைவிட்டோம் என்பது, காப்பு எப்போது மிகுதியாகத் தேவைப்படுகிறதோ அப்போதே அதைக் கைவிட்டோம் என்பதற்குச் சமம்.

அழிவை விட்டுவிட்டு, நகல்கள் தமக்குள்ளேனும் ஒத்திருக்குமா என்று பார்த்தால் அதற்கும் உறுதியில்லை. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையின் 14 ஊராட்சிகளுள் ஒன்றான எடப்புளி நாட்டின் வீட்டு வரிப் பதிவேடு, இரண்டு நகல் கொண்ட வால்யூம் ஒன்றில் ஒற்றைக் கோப்பாக இருப்பதாகப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு சேவையகங்களுக்கும் நடுவிலுள்ள இணைப்பு அறுந்துவிடுகிறது. ஆனால் இரண்டும் உயிரோடுதான் இருக்கின்றன. முதல் சேவையகத்தை அடைய முடிந்த எழுத்தர் ஒருவர், ஒரு வீட்டுக்காரர் வரி கட்டியதை அதில் பதிகிறார். இரண்டாவதை மட்டும் அடைய முடிந்த இன்னொருவர், வேறொரு வீட்டின் கதவு எண்ணைத் திருத்துகிறார். இணைப்பு மீண்டதும் ஒவ்வொரு பிரிக்கும் தன்னிடமுள்ள கோப்போடு ஒட்டிவைத்திருக்கும் குறிப்பைக் காட்டி, 'எனக்கு வந்த மாற்றம் மற்றதற்குப் போய்ச் சேரவில்லை' என்று ஒன்றையொன்று குற்றஞ்சாட்டும். எது சரி என்று தீர்மானிக்க வழியில்லாத மென்பொருள், கோப்பைத் திறக்கவே விடாமல் பிழைச் செய்தியைத் திருப்பி அனுப்பும். இந்நிலைக்கு ஸ்பிளிட் பிரைன் என்று பெயர். நிர்வாகி இப்போது மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: அளவில் பெரிய கோப்பை வைத்துக்கொள்வது, கடைசியாகத் திருத்தப்பட்டதை வைத்துக்கொள்வது, அல்லது ஒரு பிரிக்கைப் பெயர் சொல்லி அதிலிருப்பதை வைத்துக்கொள்வது. மூன்றில் எதைச் செய்தாலும் ஒருவருடைய பதிவு போய்விடும். கதவு எண் பிழைத்தால் வரி கட்டியவர் மீண்டும் பாக்கிக்காரர் ஆவார்.

இரண்டு நகல் வால்யூமை உருவாக்க முயலும்போதே குளஸ்டர் எஃப்எஸ் இந்த ஆபத்தைச் சொல்லி, மூன்றாவதாக ஒரு முழு நகலையோ ஆர்பிட்டர் என்னும் நடுவரையோ சேர்க்கும்படி எச்சரிக்கிறது. 2015இல் வெளியான 3.7 பதிப்பில் வந்த இந்நடுவர் பிரிக், கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துக்கொள்வதில்லை. பெயரையும் மாற்றக் குறிப்புகளையும் மட்டும் வைத்துக்கொண்டு, யார் பக்கம் பெரும்பான்மை என்று சொல்கிறது. இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இதைக் கணக்கில் காட்டி 'மூன்று நகல் வைத்திருக்கிறோம்' என்று அறிக்கை எழுதுவது பொய்க் கணக்கு. இதற்கு ஒரு விலையும் உண்டு. பெரும்பான்மையிலிருந்து பிரிந்துபோன பக்கம் எழுதுவதை நிறுத்திக்கொள்ள வேண்டும். இணைப்புப் பிளவுபட்ட வேளையில் ஒருமைப்பாடும் இடையறாச் சேவையும் இரண்டும் சேர்ந்து கிடைக்கா என்று கணினி அறிஞர் எரிக் புரூவர் 2000ஆம் ஆண்டில் முன்வைத்த கருத்தை, 2002இல் கில்பர்ட்டும் லின்ச்சும் கணிதமாக நிறுவிவிட்டனர். இரண்டையும் தருவதாகச் சொல்லும் விற்பனையாளர் அந்தத் தேற்றத்தைப் படிக்காதவர், அல்லது வாங்குபவர் படித்திருக்கமாட்டார் என்று நம்புபவர்.

எடப்புளி நாட்டைத் தேர்ந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச்செல்ல வேண்டிய அம்மலையின் மக்களுடைய பட்டாவும் பிறப்பு இறப்புச் சான்றும் வீட்டு வரி ரசீதும் சமவெளியிலுள்ள தரவு மையங்களில் இருக்கின்றன. பெருங்குடியில் மாநிலத் தரவு மையமும், கடலோரத்திலிருந்து விலகித் திருச்சியில் பேரிடர் மீட்பு மையமும் அமைத்தது சரியான முடிவு; 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2016 டிசம்பர் வர்தா புயலையும் கண்ட சென்னைக்கு அதே நகரில் இன்னொரு மையம் பயன்பட்டிருக்காது. ஆயினும் மலைமேலிருக்கும் ஒருவருக்கு, மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்த நாளில், கீழே மூன்று நகல் இருந்தாலும் முப்பது இருந்தாலும் கையில் கிடைப்பது ஒன்றுமில்லை. தரவு மையத்தின் வாசலில் நின்று அளக்கப்படும் 'இடையறாச் சேவை', ஊராட்சி அலுவலகத்தின் மேசையில் நின்று அளக்கப்படுவதே இல்லை. அதற்காக மலைமேல் ஒரு பிரிக்கை வைத்துச் சமவெளியோடு உடனுக்குடன் இணைத்துவிடலாம் என்போர் நோயைப் பெருக்குகின்றனர். ஒவ்வோர் எழுத்தும் மலையேறித் திரும்பும்வரை கீழேயுள்ள வேலை காத்துக்கிடக்கும், கம்பி அறுந்தால் மேலே எழுதுவது நின்றுபோகும். அங்கே பொருந்துவது, இணைப்பு உள்ளபோது மட்டும் சற்றுப் பின்தங்கி மாற்றங்களை ஒருவழியாக அனுப்பும் தொலைவிட நகலாக்க முறை. குளஸ்டரில் அதுவும் உண்டு, கேட்பவர்தான் இல்லை.

நகலும் காப்பும் எப்படிப் பிரிந்திருக்க வேண்டும் என்பதற்கு அதே மலையில் பழைய முன்மாதிரி ஒன்று இருக்கிறது. சாமை, தினை, கேழ்வரகு ஆகியவற்றின் பலவகை விதைகளை மலையாளிப் பழங்குடி மக்கள் மண் பூசிய தொம்பைகளில் சேமித்து, ஆண்டுதோறும் விதைத்துப் புதுப்பித்து வந்தனர். சவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி அந்நிலங்களைப் பிடித்துக்கொண்டபின், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மக்களோடு சேர்ந்து அங்கே ஊர் விதை வங்கிகளை அமைத்தது. வாங்கியவர் அறுவடைக்குப்பின் கூடுதலாகத் திருப்பித் தருவது அவற்றின் நடைமுறை. சென்னைத் தரமணியில் அந்நிறுவனத்தின் மரபணு வங்கியும் இருக்கிறது. தொம்பையில் புகும் வண்டு தரமணிக்குப் போவதில்லை. தரமணியின் குளிரூட்டி நின்றால் மலையின் வயல் காய்வதில்லை. ஒன்று விதைப்பதால் வாழ்கிறது, மற்றது உறங்குவதால் வாழ்கிறது; ஒன்றின் கேட்டை மற்றதற்குக் கடத்தும் கம்பி நடுவில் இல்லை. முளைப்புத் திறனை அவ்வப்போது சோதித்துப் பாராத விதையை விதை வங்கிக்காரர் யாரும் கையிருப்பில் சேர்ப்பதில்லை என்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம்.

இந்தச் சோதனைதான் கணினி உலகில் பெரும்பாலும் நடப்பதில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணைத் தரவுத்தளத்தில் நீக்க வேண்டிய கோப்பகத்தை முதன்மைத் தரவுத்தளத்தில் நீக்கிவிட்டார். சுமார் 300 கிகாபைட்டில் 4.5 மட்டும் எஞ்சியது. காப்புக்கென்று ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. நாள்தோறும் எடுக்கப்பட்டிருக்க வேண்டிய நகல், மென்பொருள் பதிப்புப் பொருந்தாமையால் நெடுநாளாக எடுக்கப்படவே இல்லை. அதைத் தெரிவிக்க வேண்டிய எச்சரிக்கை மின்னஞ்சல்களோ வழியிலேயே நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுக்கப்பட்டிருந்த ஒரு பிம்பமே (ஸ்னாப்ஷாட்) தரவை மீட்டது. தன் தோல்வியை வரி வரியாக வெளியிட்ட அந்நிறுவனத்தின் நேர்மை பாராட்டுக்குரியது. மறைத்துக்கொள்ளும் நிறுவனங்களில் இத்தகைய காலிப் பெட்டிகள் எத்தனை கிடக்கின்றனவோ!

செலவு கட்டுப்படியாகாது என்பது எஞ்சும் வாதம். உடனுக்குடன் ஒத்திசையும் மூன்றாவது நகலுக்கு எப்போதும் ஓடும் சேவையகமும், வேகமான வட்டும், விரைவான இணைப்பும் வேண்டும். இரவில் ஒருமுறை எழுதிக் கழற்றி வேறோர் ஊரில் வைக்கும் வட்டுக்கோ நாடாவுக்கோ இவை எதுவும் வேண்டா. எனவே செலவைக் குறைக்க விரும்புவோர் வெட்ட வேண்டியது காப்பையன்று. பிம்பம் எடுத்துவைத்தால் போதாதா என்று கேட்போருக்கு, அந்தப் பிம்பம் பெரும்பாலும் இருப்பது அதே வட்டில்தான் என்ற ஒரு வரியே விடை. மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்: குளஸ்டரை விலைக்கு வாங்கிய ரெட் ஹேட், அதன் அடிப்படையிலான தன் சேமிப்புத் தயாரிப்புக்கு அளித்துவந்த ஆதரவை 2024 டிசம்பர் 31உடன் முடித்துக்கொண்டது. சாதாரண நகல் வால்யூமின் பிரிக்குகளில் கோப்புகள் வழக்கமான கோப்புகளாகவே கிடப்பதால் மென்பொருள் இல்லாமலும் அவற்றை எடுத்துவிடலாம் என்பது ஆறுதல். கோப்பைத் துண்டுகளாக்கிப் பரப்பிவைக்கும் வகைகளில் அந்த ஆறுதலும் இல்லை.

ஆகவே ஊராட்சிப் பதிவேடுகளையோ பள்ளி, மருத்துவமனை ஆவணங்களையோ சேவையகங்களுக்கு மாற்றும் ஒப்பந்தங்களை எழுதும் அதிகாரிகள், 'நகல்கள் எத்தனை' என்னும் ஒற்றைக் கட்டத்தை நிரப்பியதோடு நின்றுவிடக் கூடாது. நகல்கள் எந்தெந்த இயந்திரத்தில், எந்தக் கட்டடத்தில், யாருடைய கணக்கின்கீழ் இருக்கின்றன என்பதும், அவற்றோடு இணைப்பில்லாத காப்பு எங்கே இருக்கிறது என்பதும் எழுத்தில் வர வேண்டும். அந்தக் காப்பிலிருந்து முழுத் தரவையும் வெற்று இயந்திரம் ஒன்றில் மீட்டுக் காட்டிய தேதியையும், அதற்கு ஆன நேரத்தையும் ஒப்பந்ததாரர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையொப்பமிட்டுத் தர வேண்டும். தராதவருக்குத் தவணைப் பணத்தை விடுவிக்கக் கூடாது.